இடது கை நடக்கட்டும், வலது கை பார்க்கட்டும்: கீபோர்டு, மௌஸில் ஜிடிஏ பழகும் விதம்

ஃபோனில் இரண்டு கட்டைவிரலால் விளையாடிப் பழகியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே கையை எடுத்துவிட்டு “இது நமக்கு செட் ஆகாது” என்பார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் நான் வைத்திருக்கும் டிடிபி கடைக்கு வரும் கல்லூரிப் பையன்களும் இதைச் சொல்கிறார்கள். நாள் முழுக்க கீபோர்டிலேயே பிழைப்பு நடத்தும் டைப்பிஸ்டுகளும் சொல்கிறார்கள். இவர்கள் யாருக்கும் கை மந்தம் இல்லை. இரண்டு கைக்கும் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஊர் முழுக்க நம் இஷ்டத்துக்குச் சுற்றுகிற திறந்த உலக விளையாட்டில் இடது கைதான் கால், வலது கைதான் கழுத்து. முதலில் நடை, அப்புறம் பார்வை. துப்பாக்கி, கார், பிளேன் எல்லாம் அதற்கப்புறம்.

ஜிடிஏ 5-ஐ, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவை வைத்தே சொல்கிறேன். 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு. என் கடையில் சர்வீசுக்கு வரும் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் இன்றும் அதிகம் கண்ணில் படுவது இதுதான். ஒரு விஷயம், இது 18 வயது ஆனவர்களுக்கானது. வீட்டில் சின்னப் பிள்ளை அடம் பிடித்தால் மைன்கிராஃப்ட் போட்டுக் கொடுங்கள். நடக்கிற கீகள் அதிலும் இதே டபிள்யூ, ஏ, எஸ், டி-தான்.

மேசையும் விண்டோஸும்

நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிளில் கீபோர்டுக்கென்று இழுக்கிற தட்டு ஒன்று இருக்கும். அதில் கீபோர்டு மட்டும்தான் உட்காரும், மௌஸுக்கு ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. விளையாட அது ஆகாது. இரண்டையும் மேல் பலகைக்குக் கொண்டு வாருங்கள். கீபோர்டை நன்றாக இடது பக்கம் தள்ளி, மௌஸுக்கு ஒன்றரை சாண் அகலமாவது விடுங்கள். மேசை மேல் கண்ணாடி போட்டிருந்தால் (என் கடையில் அதற்கடியில்தான் ஜெராக்ஸ் விலைப்பட்டியல் இருக்கிறது) மௌஸை நேரே அதன் மேல் வைக்காதீர்கள். மௌஸின் அடியிலிருக்கும் ஒளிக்கண்ணுக்குத் தெளிந்த கண்ணாடியில் பிடி கிடைக்காது, அம்புக்குறி துள்ளும். துணி மௌஸ் பேட் வாங்க மனமில்லையென்றால் பரீட்சை அட்டை போதும். வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், உள்ளங்கை வியர்த்து மௌஸ் வழுக்கும். பக்கத்தில் ஒரு கைத்துண்டு இருக்கட்டும், ஃபேன் காற்று முகத்துக்கு வராவிட்டாலும் கைக்கு வரட்டும்.

அடுத்து விண்டோஸில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். இந்த மூன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, விளையாடும்போதுதான் தலையில் இடிக்கும்.

முதலாவது ஸ்டிக்கி கீஸ். ஜிடிஏ 5-இல் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் ஆள் ஓடுவான். தட்டிக்கொண்டே இருந்தால் தலைதெறிக்க ஓடுவான். ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் விளையாட்டை மறைத்துக்கொண்டு ஒரு கேள்விப் பெட்டியைத் திறக்கும். போலீஸ் துரத்தும் நேரம் பார்த்துத்தான் அது வரும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு என்று போய், ஸ்டிக்கி கீஸுக்கான ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது தமிழ் டைப் செய்கிற எல்லோருக்கும் உள்ள தலைவலி. ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் விண்டோஸ் மொழி மாறும். விளையாட்டில் ஷிஃப்ட் ஓட்டத்துக்கு, ஆல்ட் ஆள் மாற்றுவதற்கு. ஓடிக்கொண்டே கதையின் நாயகர்களில் ஃபிராங்க்ளினிலிருந்து மைக்கேலுக்கு மாறினால், கீபோர்டு சத்தமில்லாமல் தமிழ் 99 என்ற தமிழ் எழுத்து அமைப்புக்குப் போய்விடும். சில விளையாட்டுகள் இதைக் கண்டுகொள்ளாது. சிலவற்றில் ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான், நீங்கள் கீபோர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அப்படி நல்ல கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். விளையாடும் முன் மொழி மாற்றும் ஷார்ட்கட்டை எடுத்துவிடுங்கள். என்எச்எம் ரைட்டர், அழகி மாதிரி தமிழ் டைப் மென்பொருள் ஏதாவது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள்.

மூன்றாவது மௌஸ் செட்டிங்ஸில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்’ என்ற டிக். பெயரில்தான் துல்லியம். மௌஸை வேகமாக நகர்த்தினால் அதிக தூரம், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தூரம் என்று கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. கைக்கு ஒரு அளவு பழக வேண்டுமென்றால் அது ஆஃபில் இருக்க வேண்டும். விளையாட்டுக்குள்ளேயே மௌஸுக்கு ‘ரா இன்புட்’ (விண்டோஸின் கணக்கு சேராமல் மௌஸின் அசைவை நேரே எடுப்பது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இடது கை

டபிள்யூ முன்னால், எஸ் பின்னால், ஏ இடது, டி வலது. இந்த நான்கும் ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. முன்பு அம்புக்குறி கீகளில்தான் பெரும்பாலோர் விளையாடினார்கள். ‘த்ரெஷ்’ என்ற பட்டப்பெயர் கொண்ட டென்னிஸ் ஃபாங் 1997-இல் குவேக் என்ற துப்பாக்கி விளையாட்டின் போட்டியில் ஜெயித்து, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக வாங்கிக்கொண்டு போனார். அவர் பிடித்த பிடியைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள் என்பார்கள். 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டு இதையே வழக்கமான அமைப்பாகக் கொடுத்தது. காரணம் எளிது: இடது கையைச் சுற்றி ஷிஃப்ட், கன்ட்ரோல், டேப், ஸ்பேஸ் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அம்புக்குறிப் பக்கம் அப்படி எதுவும் கிடையாது.

விரல் வைக்கும் முறை: மோதிர விரல் ஏ-யில், நடுவிரல் டபிள்யூ-வில், ஆள்காட்டி விரல் டி-யில். நடுவிரலே தேவைப்படும்போது கீழே இறங்கி எஸ்ஸை அழுத்தும். சுண்டுவிரல் ஷிஃப்டில், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில்.

டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று தேய்த்த விரல் அது. ஆள்காட்டி விரல் தானாகவே எஃப்பில் இருக்கும் சின்ன மேட்டைத் தேடிப் போய் உட்காரும். ஜிடிஏ-வில் எஃப் என்பது வண்டியில் ஏறும் கீ. வலது பக்கம் ஒதுங்கலாம் என்று நினைத்து ஆள்காட்டி விரலை அழுத்தினால், ரோட்டில் சிவனே என்று நிற்கும் காரின் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவரை வெளியே இழுத்துப் போட்டுவிடுவான் உங்கள் ஆள். திரையின் மூலையில் போலீஸ் தேடுகிறது என்று காட்டும் ஸ்டார் ஏறும், போலீஸ் வரும். இதற்கு வழி, லேபிள் ஸ்டிக்கரில் பொடியாக ஒரு துண்டை வெட்டி டபிள்யூ மேல் ஒட்டுவது. எஃப்பின் மேட்டை மறந்து, நடுவிரல் அந்த ஸ்டிக்கரைத் தேடப் பழகட்டும். கீபோர்டைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இதோடு போய்விடும்.

டைப்பிஸ்டுகளுக்கு இன்னொன்றும் உண்டு. டைப்பிங்கில் தட்டி எடுப்போம். இங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும். காட்பாடியில் படிக்கும் என் அக்கா மகன் என்னிடமும் சரி, கடைக்கு வரும் டைப்பிஸ்டுகளிடமும் சரி, ஒரே பாட்டுதான் பாடுவான்: “அடிக்காத மாமா, புடிச்சிக்கினே இரு.” தமிழ் 99-இல் நாள் முழுக்க அடிக்கிறவனுக்கு டபிள்யூ ஈ, ஏ அ, எஸ் இ, டி உ. உயிரெழுத்தெல்லாம் இடது கையில். அவை தட்டினால் விழும் எழுத்துகள். ஈ-யை அழுத்திப் பிடித்தால் வரி முழுக்க ஈயாக நிற்கும் என்று விரல் பயப்படும். அந்தப் பயம் போவதற்கு, டபிள்யூ-வை மட்டும் பிடித்தபடி நீளமான நேர் ரோட்டில் சும்மா நடக்க விடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

பழைய ஆபீஸ் கீபோர்டு என்றால் ஒரு சோதனை. நோட்பேடைத் திறந்து டபிள்யூ, டி, ஸ்பேஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இரண்டு எழுத்தும் ஓர் இடைவெளியும் விழ வேண்டும். அப்புறம் டபிள்யூ, ஏ, ஆங்கில இ (E). அப்புறம் ஷிஃப்ட் சேர்த்து. ஏதாவது ஒரு கூட்டணியில் மூன்றாவது விழவில்லையென்றால் குறை உங்கள் விரலில் இல்லை. மலிவான கீபோர்டுகளின் உள்ளே இருக்கும் மின்கம்பி அமைப்பு, சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் பிரித்தறியாது. வளைவில் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று புலம்புகிற பலருக்கும் விஷயம் இதுதான்.

வலது கை

இந்த ஒரு பத்தியை மட்டும் படித்தாலும் போதும். ஜிடிஏ மாதிரி ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் விளையாட்டுகளில், டபிள்யூ என்றால் ‘ஆளின் முகம் இருக்கும் திசையில் போ’ என்று அர்த்தமில்லை. ‘கேமரா பார்க்கும் திசையில் போ’ என்று அர்த்தம். கேமராவைத் திருப்புவது மௌஸ். ஆக, திரும்ப வேண்டுமென்றால் ஏ-யும் டி-யும் தேவையே இல்லை. டபிள்யூ-வைப் பிடித்தபடி, போக வேண்டிய இடத்தை மௌஸால் பாருங்கள். ஆள் அங்கே போவான். ஃபோனிலிருந்து வருகிறவர்கள் ஏ, டி-யை வைத்து ஆளை வளைக்கப் பார்த்து, கேமரா ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று போய், தூணில் முட்டி நிற்கிறார்கள்.

அதனால் முதல் பயிற்சி: மோதிர விரலையும் ஆள்காட்டி விரலையும் கீபோர்டிலிருந்து தூக்கிவிடுங்கள். டபிள்யூ-வும் மௌஸும் மட்டும். கதையின் தொடக்கத்தில் பனி ஊரில் வங்கிக் கொள்ளை நடக்கும், அதை எப்படியாவது ஒப்பேற்றுங்கள். அதைத் தாண்டி, கதை நடக்கும் லாஸ் சாண்டோஸ் நகரில் ஃபிராங்க்ளின் கைக்கு வந்து, முதல் கார் வேலையும் முடிந்தால் ஊர் உங்களுடையது. அவன் வீட்டிலிருந்து புறப்பட்டு நடைபாதையிலேயே அந்தத் தெருவைச் சுற்றி வாருங்கள். எதிரில் வருகிறவர்கள் மேல் இடிக்கக் கூடாது. இடித்தால் திட்டுவார்கள், சிலர் சண்டைக்கே வருவார்கள். மிஷன் எழுத்துகள் மேப்பில் காத்துக் கிடக்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோட்டை மைதானத்தில் சைக்கிள் கற்கிற பிள்ளையை நேரே காட்பாடி ரோட்டுக்கு யாரும் அனுப்புவதில்லை அல்லவா?

இடிக்காமல் சுற்றி வர முடிந்ததும், ஏ, டி-யைச் சேர்க்கலாம். ஒரு விளக்குக் கம்பத்துக்கு முன் நாலு அடி தள்ளி நில்லுங்கள். கம்பம் திரையின் நட்ட நடுவில் இருக்கட்டும். இப்போது ஏ-யைப் பிடித்துக்கொண்டு, கம்பம் நடுவிலிருந்து விலகாதபடி மௌஸை மெல்ல வலது பக்கம் இழுத்துக்கொண்டே வாருங்கள். ஆள் கம்பத்தை வலம் வருவான். டி-யைப் பிடித்து மௌஸை இடது பக்கம் இழுத்தால் இடம் வருவான். முதலில் கம்பம் திரையை விட்டே ஓடிவிடும், வட்டம் முட்டையாகும். கை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்து வேலை செய்வதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. சுடுவது, ஒளிவது, துரத்துவது எல்லாமே இதே அசைவின் வேறு வேடங்கள்தான்.

இந்தப் பயிற்சியில் கை வலித்தாலோ, கம்பம் பறந்தாலோ மௌஸ் வேகம் சரியில்லை என்று பொருள். அளக்க வழி இருக்கிறது. ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து நின்று, மௌஸ் பேடின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுங்கள். கேமரா ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்றி அதே சுவருக்கு வர வேண்டும். இரண்டு சுற்று போனால் வேகம் அதிகம், பாதியில் நின்றால் குறைவு. ஆபீஸ் வேலை செய்கிறவர்கள் மணிக்கட்டை மேசையில் ஊன்றி, விரல் நுனியால் மௌஸை அசைப்பார்கள். அதற்கேற்ற மாதிரி வேகத்தை ஏற்றி வைத்தால் துப்பாக்கி எடுக்கும்போது குறி எங்கேயோ போகும். முழங்கையிலிருந்து கையை நகர்த்தப் பழகுங்கள், வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு தடவை பொருந்திவிட்டால் அப்புறம் நினைத்தபோதெல்லாம் மாற்றாதீர்கள்.

எவ்வளவு சரிசெய்தும் மௌஸ் சேற்றுக்குள் போகிற மாதிரி இழுத்தால் மௌஸைக் குறை சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் திணறுகிறது. நிழல், புல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் குறைத்து வையுங்கள். கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒட்ட வைக்கும் வசதி) அணைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் கைக்குக் கட்டுப்படும் விளையாட்டுதான் நல்லது. தலை சுற்றுகிறவர்கள் வி-யை அழுத்தி வரும் முதல் நபர் பார்வையை (ஆளின் கண் வழியே பார்ப்பது) தொடவே வேண்டாம், அசைவில் படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளரையும் அணைத்துவிடுங்கள்.

கார்

காருக்குள் ஏறியதும் கணக்கு மாறும். இப்போது ஏ, டி-தான் ஸ்டியரிங். மௌஸுக்குப் பெரிதாக வேலை இல்லை. கேமரா தானாகவே வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கும். மௌஸை ஆட்டாமல் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கீபோர்டில் ஓட்டுவது ஏன் கஷ்டம் என்றால், கீக்கு ‘கொஞ்சம்’ என்பது தெரியாது. இரண்டு கையிலும் பிடித்து விளையாடும் கேம்பேடின் குச்சியைக் கால்வாசி சாய்க்கலாம். ஏ-யைக் கால்வாசி அழுத்த முடியாது. அதனால் நடப்பதற்குச் சொன்னது இங்கே தலைகீழ்: பிடிக்காதீர்கள், தட்டுங்கள். லேசான வளைவுக்கு டி, டி, டி என்று சின்னச் சின்னத் தட்டு. வளைவுக்கு முன்பே டபிள்யூ-வை விட்டு எஸ்ஸை ஒரு தொடு தொட்டு, வேகம் குறைந்ததும் திரும்புங்கள். ஸ்பேஸ் பாரில் இருக்கும் ஹேண்ட்பிரேக் முட்டுச் சந்து மாதிரி திருப்பங்களுக்கு மட்டும். எல்லா வளைவிலும் அதை இழுத்தால் வண்டி பின்னால் வழுக்கி, வந்த திசையையே பார்த்து நிற்கும். டைப்பிங் தெரிந்தவர்கள் நடையில் பின்தங்கினாலும் காரில் முந்திவிடுவார்கள். தட்டுகிற கை அவர்களுடையது.

லாஸ் சாண்டோஸ் அமெரிக்க ஊரின் சாயலில் கட்டியது, வண்டிகள் வலது பக்கம் போகும். கிரீன் சர்க்கிளில் இடது ஓரமாக ஒதுங்கிப் பழகிய நமக்கு, நேர் ரோட்டில் தெரியாது. சந்திப்பில் திரும்பியதும் கை தானாக இடது பக்க ரோட்டில் ஏறும், எதிரே லாரி வரும். திரும்பும் முன் ‘வலது ஓரம்’ என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு ஆளில்லாத பெரிய கார் நிறுத்துமிடமோ கடற்கரையோ தேடுங்கள். விமான நிலையத்து ஓடுபாதை விசாலமாக இருக்கிறதே என்று ஆரம்பத்திலேயே உள்ளே போனால் போலீஸ் ஸ்டார் வரும். வந்துவிட்டால் சுடாதீர்கள். சின்ன மேப்பில் போலீஸின் பார்வை கூம்பு மாதிரி தெரியும். அதில் படாமல் சந்துக்குள் ஒதுங்கி நின்றால் ஸ்டார் மின்னி அணைந்துவிடும்.

மற்றவை

துப்பாக்கிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலது பட்டனைப் பிடித்தால் குறி, இடது பட்டனைத் தட்டினால் சூடு. ஊரிலிருக்கும் அம்யூ-நேஷன் துப்பாக்கிக் கடைகளில் சிலவற்றில் பயிற்சிக் கூடம் இருக்கிறது, அங்கே போய்ச் சுட்டுப் பழகுங்கள். பதற்றக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: டேப்பைப் பிடித்தால் ஆயுதச் சக்கரம் வரும், தனியாள் கதையில் அப்போது நேரம் மெதுவாகும். மூச்சு விட, சுற்றிலும் பார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

கரண்ட் போகிற காலத்தில், மேல் அம்புக்குறியை அழுத்தி ஃபோனை எடுத்து, அதிலிருக்கும் ‘குயிக் சேவ்’ என்பதை அடிக்கடி தட்டுங்கள். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதுவே காவல்.

பிளேனும் ஹெலிகாப்டரும் நம்பர் பேடில் இருக்கின்றன: 8-ம் 5-ம் மூக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும், 4-ம் 6-ம் சாய்க்க. டபிள்யூ, எஸ் பிளேனில் வேகத்துக்கு, ஹெலிகாப்டரில் ஏறி இறங்க. வலது கை மௌஸை விட்டு அங்கே போக வேண்டும். நம்பர் பேடு இல்லாத லேப்டாப்பில் இது நரகம். என்னைக் கேட்டால் பறப்பதற்கு மட்டும் ஒரு கேம்பேடைச் செருகுவதில் தவறே இல்லை. இந்த விளையாட்டு நடுவிலேயே கீபோர்டிலிருந்து கேம்பேடுக்கும், திரும்பக் கீபோர்டுக்கும் மாற விடும். கார் ஓட்டவும் கேம்பேடு வேண்டும் என்பவர்களோடு சண்டை போட மாட்டேன். நடக்கவும் சுடவும் மட்டும் மௌஸை விடாதீர்கள்.

கீகளை மாற்றி அமைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதலில் வேண்டாம். கை பழகிய பிறகு, உண்மையிலேயே உறுத்துகிற ஒன்றிரண்டை மாற்றுங்கள். சுண்டுவிரல் கன்ட்ரோலுக்கு மடங்கி வலித்தால் அதை, ஸ்பெஷல் திறமைக்கு அழுத்தும் கேப்ஸ் லாக் அப்புறம் வேர்டில் பெரிய எழுத்தாகக் கொட்டினால் அதை. இதில் இடது கைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. ஆபீஸில் ஏற்கெனவே வலது கையில் மௌஸ் பிடிக்கிறவர் என்றால் இதுவரை சொன்னபடியே போகலாம். மௌஸை இடது கையில்தான் பிடிப்பீர்கள் என்றால் ஐ, ஜே, கே, எல் நான்கையும் நடைக்கு வைத்து, எஃப், இ, ஆர், டேப் எல்லாவற்றையும் அவற்றைச் சுற்றி முதல் நாளே மாற்றிவிடுங்கள். பழகிய பிறகு மாற்றினால் விரலுக்கு இரட்டை வேலை.